‘என் மனைவி’ டீச்சர்

அவரை முதன்முதலாக மேடையில் பார்த்தபோது, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “என் மனைவி மூன்றாவது பிள்ளையைப் பெற்ற அன்றைக்கு நான் குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தடித்த ஃபிரேம் போட்ட கண்ணாடி, இறுக்கிப் போட்ட கொண்டை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பக்கத்தில் பனைமரம் மாதிரி ஒரு வெளிநாட்டுப் பிரசங்கியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். குடித்தவர் அவர்தான். டீச்சர் மொழிபெயர்ப்பவர்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்த கூட்டம் அது. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். அடுத்த நாளே, அவரும் குடியிருந்த விழுப்புரத்தில், எங்கள் தெரு முழுக்க அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. ‘என் மனைவி’ டீச்சர். அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கு கணிசமானது.

மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். “ஐயா சொல்றாங்க, அவங்க மனைவிக்கு...” என்று கொஞ்சம் ஒதுங்கி நின்று சொல்வார்கள். நல்ல வார்த்தையாக இருந்தால் கிட்டே வருவார்கள், அசிங்கமாக இருந்தால் தள்ளிப் போவார்கள். டீச்சர் தள்ளிப் போகவே மாட்டார். பேசுபவர் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்பார். நிற்பதும் அப்படித்தான். பேசுபவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில். பேசுபவரின் வாய் மூடுகிற வரைக்கும் காத்திருப்பார், மூடிய அடுத்த நொடியில் ஆரம்பித்துவிடுவார். உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்த்து நான் பார்த்ததே இல்லை.

வாரநாட்களில் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். சனி, ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் எங்கே கூட்டம் போட்டாலும் ஜீப் வரும். ஒரு முறை ஒலக்கூர் பக்கம் நடந்த கூட்டத்தில் வந்திருந்த பிரசங்கியாருக்கு ரயில் வேகம். டீச்சர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஏற்பாட்டாளர் பக்கம் திரும்பி, மைக் ஆனில் இருப்பதை மறந்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் வாய் மூடியது. டீச்சர் கூட்டத்தைப் பார்த்து அதே குரலில் சொன்னார்: “இந்த அம்மா ரொம்ப மெதுவாக இருக்கிறார்கள். நாளைக்கு வேறு யாரையாவது போடுங்கள்.”

 ஏற்பாட்டாளர் தலையைக் குனிந்துகொண்டார். பிரசங்கியாருக்கு மட்டும் என்ன நடந்தது என்றே தெரியவில்லை, ஜனங்கள் ஏன் தன்னை முறைக்கிறார்கள் என்று விழித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒரு இளைஞனைப் போட்டார்கள். அவன் ஒரு வரிக்கு ஐந்து வரி அவிழ்த்துவிட்டான், நடுநடுவே பாட்டு வேறு. நான் இவ்வளவு நேரமா பேசினேன் என்று பிரசங்கியாரே கேட்டாராம். அதற்கடுத்த நாள் டீச்சர் வீட்டு வாசலில் மறுபடியும் ஜீப் நின்றது. டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு ஏறிப் போனார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் இந்தக் கதையைச் சொன்னதே ஜீப் டிரைவர்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. என் அம்மா சொல்லும் இன்னொரு கதைக்குச் சிரிப்பு வராது.

இரும்பைக் கிராமத்துப் பக்கம் ஒரு இலவசக் கண் முகாம். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வந்திருந்தார், மொழிபெயர்க்க டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெரியவரின் கண்ணை விளக்கடித்துப் பார்த்த டாக்டர், டீச்சர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். டீச்சர் பெரியவரைப் பார்த்துத் திரும்பி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இதை இப்ப இவர்கிட்ட சொல்ல வேணாம். ஆனா இந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது.”

வரிசையில் அம்மாவும் நின்றிருந்தாள். அந்தப் பெரியவர் தடியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாராம். அதன்பிறகு அந்த முகாமுக்கு டீச்சரைக் கூப்பிடவில்லை. “அது கல்லுடி. அதுங்கூட இன்னாத்துக்கு ஒட்டிக்கினு திரியற?” என்பாள் அம்மா.

நான் ஒட்டிக்கொண்டு திரிந்தது உண்மைதான். திண்டிவனம் பக்கம் இன்ஜினியரிங் கல்லூரி எனக்கு. சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் டீச்சர் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவேன். அவர் வாய் எப்போதும் முணுமுணுவென்று அசைந்துகொண்டே இருக்கும். காது கொடுத்துக் கேட்டால், “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று கண்டக்டர் கத்துவதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருப்பார். கண்டக்டரின் எரிச்சல்கூட மாறாது.

ஒரு நாள் துணிந்து கண் முகாமைப் பற்றிக் கேட்டேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை கண்டக்டரையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “டாக்டர் எங்கிட்ட ஒண்ணு சொல்லி, அதை நான் மறைச்சு வெச்சிக்கினா, அந்தப் பெரியவர் எதிர்ல நான் யாரு? அதுக்கப்புறம் நான் சொல்ற ஒவ்வொண்ணுலயும் எது டாக்டரோடது, எது என்னோடதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“ஆனா டீச்சர், பாவம் இல்லையா?”

“பாவம்தான்” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய் மட்டும் அசையவில்லை.

இதிலிருந்து முளைத்த இன்னொரு பழக்கமும் உண்டு. தன் காதுக்கு மட்டும் வரும் எதையும் மொழிபெயர்க்க மாட்டார். துபாயிலிருந்து, மலேசியாவிலிருந்து கம்பெனிக்காரன் பேசுகிறான் என்று யாராவது போனைக் கொண்டுவந்து காதில் வைத்தால் தட்டிவிடுவார். ஸ்பீக்கரில் போடச் சொல்வார். முதலில் எல்லாரும் கேட்க வேண்டும், புரிகிறதோ இல்லையோ. அதன்பிறகுதான் அவர் வாய் திறப்பார்.

படிப்பு முடித்து, வேலைக்கு ஆர்டர் வருவதாகச் சொல்லி வராமல், நான் வீட்டில் சும்மா இருந்த மாதங்கள் வந்தன. சும்மா என்றால் சும்மா இல்லை. ஆடியோ பைத்தியம் தலைக்கேறியிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். டீச்சர் வீட்டில் எட்டிப் பார்த்தபோது மூச்சு நின்றுவிட்டது. இரும்பையில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி மர ஸ்பீக்கர். டீச்சர் அதில் சி.டி. போட்டு வெவ்வேறு நாட்டு இங்கிலீஷ் கேட்பார், காதைப் பழக்க. நைஜீரியாக்காரர் எப்படிப் பேசுவார், கொரியாக்காரர் எப்படி விழுங்குவார் என்று.

“டீச்சர், ஒரு ஸ்ட்ரீமர் வாங்கிட்டீங்கன்னா உலகத்துல இருக்கிற எல்லா ரேடியோவும் கேக்கலாம். இன்டர்நெட்லேர்ந்து எடுத்து ஆம்ப்புக்குக் குடுக்கும்” என்று நச்சரித்தேன். வாங்கினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

அதை இணைப்பதில்தான் விவகாரம். இன்டர்நெட்டில் பாட்டும் பேச்சும் எண்களாகத்தான் வரும். ஒரு இடத்தில் அந்த எண்களைக் கரண்டாக மாற்றினால்தான் ஸ்பீக்கர் பேசும். அப்படி மாற்றுகிற கன்வெர்ட்டர் ஸ்ட்ரீமருக்குள்ளும் உண்டு, இந்த ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் உண்டு. எதை வேலை வாங்குவது என்பது நாம் எந்த வயரைச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். டீச்சர் கேட்டுவிட்டு, “அப்போ ரெண்டு மொழிபெயர்ப்பாளர். மேடையில ஒருத்தர்தான் நிக்கணும். யாரு?” என்றார்.

எனக்கு அது தித்திப்பாக இருந்தது. “ஆம்ப்ளிஃபயர்தான் டீச்சர். அதோடது நல்ல கன்வெர்ட்டர். ஆனா அதுக்கு ஆப்டிகல் வயர் வேணும். ஆர்டர் போட்டிருக்கேன்.”

வயர் வரும் வரைக்கும் சாதாரண சிவப்பு வெள்ளை ஆடியோ வயரில் இணைத்துவைத்தேன். பாட்டு வந்தது, கூடவே ‘ம்ம்ம்’ என்று கரண்டின் முனகலும் வந்தது. அந்த வயரில் இதுதான் தொல்லை, இரண்டு பெட்டிக்கும் இடையில் மின்சாரத் தொடர்பு இருப்பதால் வீட்டு ஒயரிங்கில் இருக்கிற அழுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். ஆப்டிகல் வயரில் வெளிச்சம் மட்டும்தான் போகும். அழுக்கு தாண்டாது.

ஆப்டிகல் வயர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பார்சலைப் பிரிக்காமல் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். பள்ளியிலிருந்து திரும்பி, கையில் வெந்நீர் டம்ளரோடு அவர் நிற்க, நான் அலமாரிக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் அவர்கள் வந்து நின்றார்கள்.

கிளியனூர்ப் பக்கத்துக் கிராமம். அறுபது வயதைத் தொட்ட ஒரு அப்பா, கட்டைப்பை நிறைய மல்லாட்டை என்கிற நிலக்கடலையோடு ஒரு அம்மா, அந்த அம்மாவின் தங்கை பிள்ளை, பாலிடெக்னிக் படிக்கிற பையன். அவர்களின் ஒரே மகன் அரபு நாட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தலையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அன்று காலை கம்பெனி மேனேஜர் ஒரு குரல் செய்தியை அனுப்பியிருக்கிறார், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இங்கிலீஷில் பேசியது. அதற்குப் பிறகு அந்த மேனேஜர் போனை எடுக்கவில்லை. அங்கே அன்று விடுமுறை.

“நான் கேட்டுட்டேன் டீச்சர். பேசுறாராம். நல்லா இருக்காராம்” என்றான் பையன். “பெரிம்மாதான் நம்ப மாட்டேங்குது.”

“பேசுறான்னா போனை அவன் கையில குடுத்திருக்க மாட்டாங்களா?” என்றார் அப்பா.

 அந்த அம்மாவின் கொழுந்தனாருக்கும் தலையில்தான் அடிபட்டது, பைபாஸில், பைக்கில் போகும்போது. உயிர் பிழைத்தார், ஆனால் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு வந்தால் பிள்ளை திரும்பினான், வராவிட்டால் உடம்பு மட்டும்தான் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு வாயில் கஞ்சி ஊட்டியவள் அவள். இதெல்லாம் அப்பா சொன்னது. அவள் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் இயர்போனை நீட்டினான். டீச்சர் தலையசைத்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நிமிர்ந்து நின்றார்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் தகர டப்பாவுக்குள் உருளும் கல் மாதிரி வந்தது. டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தச் சொன்னார்.

“உங்கள் மகனுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ரத்தக் கசிவு நின்றுவிட்டது. நான் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.” அடுத்த வரியில் நின்றுவிட்டார். மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும்.

எனக்கும் புரிந்தது எங்கே சிக்கல் என்று. ‘ஹி கேன் டாக்’ என்றால் அவர் பேசுகிறார். ‘ஹி கேன்ட் டாக்’ என்றால் அவரால் பேச முடியவில்லை. நடுவில் ஒரே ஒரு ‘ட்’. அதற்கடுத்த சொல்லும் ‘டா’வில் தொடங்குவதால் அந்த ‘ட்’ அதில் கரைந்துவிடுகிறது.

“ஒரு எழுத்து எனக்குக் கேக்கல” என்றார் டீச்சர்.

“ஒரு எழுத்துதானே” என்றார் அப்பா.

“அந்த எழுத்து இருந்தா, பேச முடியல. இல்லைன்னா, பேசுறாரு.”

அந்த அம்மா கட்டைப்பையின் காதை முறுக்க ஆரம்பித்தாள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். “உன்னோடது ரெடியா?”

செய்தியை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். என் போனிலிருந்து வைஃபையில் ஸ்ட்ரீமருக்கு அனுப்பினேன். இன்னும் சிவப்பு வெள்ளை வயர்தான். பெரிய ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் வந்தது, அதைவிடப் பெரிதாக ‘ம்ம்ம்’. வண்டு குடைகிற மாதிரி இருக்கிறதே என்றார் அப்பா. வயரைப் பிடுங்கினேன். ஆப்டிகல் வயரைப் பார்சலிலிருந்து கிழித்தெடுத்து இரண்டு பக்கமும் செருகினேன். ஆம்ப்ளிஃபயரில் இன்புட்டை மாற்றினேன். போனில் ப்ளே அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

வால்யூம் குமிழைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் திருப்பினேன். ஸ்ட்ரீமர் செட்டிங்குக்குள் போய் டிஜிட்டல் அவுட் ஆனில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. குமிழ் முழுக்கத் திரும்பிவிட்டது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும்.  நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஊர் ஸ்பீக்கருக்கெல்லாம் தீர்ப்பு சொன்னவள்.

“அதுவும் பேசல” என்றார் அப்பா, யாரிடமோ.

வயரின் ஒரு முனையை உருவிப் பார்த்தேன். நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. தூசி படாமலிருக்கக் கம்பெனிக்காரன் போட்டு அனுப்புவது. அதைக் கழற்றாமலே செருகியிருக்கிறேன். இரண்டு முனையிலும். கழற்றி ஸ்ட்ரீமர் பக்கம் செருகியதும் மறுமுனையில் சிவப்பாகப் புள்ளி வெளிச்சம் வந்தது.

அந்த அம்மா எப்போது என் பின்னால் வந்து குனிந்தாளோ தெரியாது. “இது இன்னா பாப்பா, நெருப்பா?”

“வெளிச்சம்மா. உங்க பையனைப் பத்தி அந்த நர்சு சொல்றது இதுக்குள்ளதான் போவுது.”

“சுடுமா?”

“சுடாது.”

ஆள்காட்டி விரலை அதன் முன்னால் வைத்தாள். மல்லாட்டை பிடுங்கிக் காய்த்துப்போன விரல்நுனியில் சிவப்பு விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

செருகப் போகும்போதுதான் குமிழ் நினைவுக்கு வந்தது. முழுக்கத் திறந்து கிடக்கிறது. போனில் குறைத்தாலும் இந்த வழியில் குறையாது, வருகிற எண் முழுதாகத்தான் வரும், அளவு ஆம்ப்ளிஃபயரில் மட்டும்தான். அப்படியே செருகியிருந்தால் அந்தக் குரல் அவர்கள் முகத்தில் வெடித்திருக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். செருகினேன். மெல்லத் திருப்பினேன்.

முதலில் வந்தது குரல் இல்லை. ஒரு அறை. எங்கோ தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சிட்டது. மிஷின் ஒன்று விட்டு விட்டு ‘டிக்’ என்றது. நர்ஸ் மூச்சு இழுத்தது கேட்டது. முனகல் இல்லை, தகரம் இல்லை. பையன் வாயைப் பிளந்தான். நர்ஸ் எங்கள் நடுவில் நின்று பேசினாள்.

அந்த வரி வந்தது. ‘ஹி கேன்’, பிறகு நாக்கு மேலண்ணத்தில் தொட்டு, ‘டாக்.’

மறுபடியும் போட்டேன். தொட்டது ஒரு தடவையா இரண்டு தடவையா? மறுபடியும். இவ்வளவு சுத்தமான சத்தத்திலும் அது தெரியவில்லை. நர்ஸின் வாயிலேயே அது ஒட்டிக்கொண்டிருந்தது, எந்தக் கன்வெர்ட்டரும் பிரிக்க முடியாத மாதிரி. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், தெரியவில்லை என்று.

“தெரியல” என்று அவர்களிடம் சொன்னார் டீச்சர். “எனக்குத் தெரியல.”

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “பேசுறாருன்னு சொல்லிடுங்களேன் டீச்சர். நாளைக்கு மேனேஜர் எடுத்துடுவாரு. அதுவரைக்கும் பெரிம்மா ஒரு வாய் சோறு துன்னும். உங்களுக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?”

“அந்தப் பொண்ணு அப்படிச் சொன்னது எனக்குக் கேக்கலப்பா.”

“மனுசியா நீங்க?”

 அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வா போகலாம் என்று வாசலைப் பார்த்து நடந்தார். நிறுத்தாமல் விட்ட பதிவில் நர்ஸ் ‘தேங்க் யூ’ என்று முடித்தாள். எல்லாரும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள், போனில் அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். நானும் நிறுத்தக் கையை நீட்டினேன். பையன் கேட்டது காதிலேயே இருந்ததால் கை நடுவழியில் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது. துணி உரசும் சத்தம். நர்ஸ் போனை நிறுத்தாமலே நடந்திருக்கிறாள். காலடி. அப்புறம், தூரத்தில், தரையோடு தரையாக ஒரு ஆண்குரல்.

“வலி தாங்க முடியல... எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க...”

அத்தோடு பதிவு முடிந்துவிட்டது.

தமிழ். எங்கள் ஊர்த் தமிழ். அங்கே யாருக்கும் புரியாத தமிழில் அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பையன் டீச்சரைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினான்.

அந்த அம்மா குரலை அடையாளம் கண்டுவிட்டாள், முகம் சொன்னது. வார்த்தை அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாயங்காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய மாதிரியே டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“என் புள்ள இன்னா சொன்னான் டீச்சர்?”

எனக்குக் கண் முகாம் ஞாபகம் வந்தது. தடியைத் தேடிய கை. இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று மனதுக்குள் கெஞ்சினேன். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அந்த அம்மாவுக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் வந்து நின்றார்.

“வலி தாங்க முடியல” என்றார். அவன் விட்ட அதே இடைவெளியை விட்டார். “எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க.”

‘எங்கம்மா’ என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

 அவள் கையிலிருந்த மல்லாட்டைப் பை சரிந்து நாலைந்து உருண்டன.

“வலிக்குதுன்னு சொல்றான்” என்றாள் கடைசியில்.

“ம்.”

“அப்ப பேசுறான்.” வாசல் பக்கம் திரும்பினாள். “கேட்டியா, பேசுறான். என்னைய ஞாபகம் வெச்சிக்கினு பேசுறான்.”

அப்பா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மல்லாட்டையைப் பொறுக்கினான். அவளுக்கு அழ நேரமில்லை. “அந்த நர்சுப் பொண்ணுக்கு இதுலயே திருப்பிப் பேச முடியுமா பாப்பா? மேனேஜர் எப்ப பாக்குறானோ அப்ப குடுக்கட்டும்.” முடியும் என்றேன். பையனின் போனில் பதிவை அழுத்தி டீச்சருக்கும் அவளுக்கும் நடுவில் பிடித்தேன். 

அவள் நிதானமாகச் சொன்னாள், ஒவ்வொரு வரிக்கும் வாயை மூடி, டீச்சருக்கு வழிவிட்டு. எப்போது கற்றுக்கொண்டாளோ.

“அம்மாடி, நான் அவனைப் பெத்தவ. அவன் சும்மா முனகறான்னு நெனச்சிக்காத. என் மவன் வலிக்குதுன்னு சொல்றான். ஊசி கீசி இருந்தா போடு.”

டீச்சர் இங்கிலீஷில் தொடங்கினார். நான் அவருடைய அம்மா என்றார். அவர் வெறுமனே முனகுகிறார் என்று நினைக்காதே என்றார். அடுத்த வரிக்கு வந்தார். ‘மை சன்’ என்றார்.

நின்றுவிட்டார்.

எத்தனையோ ஆண்களின் மனைவியை, எத்தனையோ பேரின் குடியை, தன்னையே திட்டிய வசவை, ஒரு மூச்சு தடுக்காமல் ‘என்’ என்று சொன்ன வாய். போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைத் தடவித் தேடிப் பிடித்து, மெல்ல உட்கார்ந்தார்.

“சொல்லுங்க டீச்சர்” என்றாள் அந்த அம்மா. டீச்சரின் தோளில் கையை வைத்தாள்.

சொன்னார். என் மகன் வலிக்கிறது என்று சொல்கிறான். மருந்து இருந்தால் கொடு. உட்கார்ந்தபடியே சொன்னார்.

நான் பதிவை நிறுத்தப் போனேன். அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“எங்கிட்ட சொல்லிட்டாங்கன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லாத.”

டீச்சர் அதையும், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார்.